ராக்வில் பையன் இன்று இரவு ஆடுகிறான்

ராக்வில், மேரிலாந்து
2025 ஜூலை 14

அன்புள்ள தம்பி,

ஜூலை 6 ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "இன்னுமாம்மா இந்த டீமைக் கேட்டுட்டிருக்க? விட்டுடேன்" என்றாய். நம் வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணியின் மேனேஜர் டேவ் மார்ட்டினெஸையும், ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸ்ஸோவையும் ஒரே நாளில் நீக்கிவிட்டார்கள் என்ற செய்தியை அப்போதுதான் பார்த்திருந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. "சாப்பிட்டியா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். ஒரு வாரமாக அந்தக் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நேஷனல்ஸ் 37 வெற்றி, 53 தோல்வி. பிரிவில் கடைசி இடம். ரெட் சாக்ஸிடம் நம் மைதானத்திலேயே மூன்று ஆட்டமும் போயிற்று. ஜூன் மாதத்தில் வரிசையாக 11 தோல்வி. 2019இல் வேர்ல்ட் சீரிஸ் கோப்பை வாங்கிய பிறகு ஒரு வருடம்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகமாக வந்ததில்லை. 2022இல் மட்டும் 107 தோல்வி. எல்லாம் என் கையாலேயே நோட்டில் எழுதியவை.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. நீ எட்டு வயதில் கோடு போட்டுக் கொடுத்தாயே, அதே மாதிரிதான் இன்றும் கட்டம் போடுகிறேன். பேட்டர் மூன்று பந்தைத் தவறவிட்டு மூன்று ஸ்டிரைக் ஆகிப் போனால் ஸ்டிரைக் அவுட், அதற்கு 'ஸ்'. பந்து எறிகிற பிட்சர் நான்கு பந்தை வெளியே போட்டுவிட்டால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகிற 'வாக்', அதற்கு 'ந', அதாவது நடை. இடது ஓரத்தில் பேட்டர்களின் பெயர், மேலே ஒன்பது இன்னிங்ஸ். ஷார்ட்ஸ்டாப் பிடித்து இரண்டாவது பேஸுக்குப் போட்டு, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு அவுட் ஆனால் 6-4-3 என்று எழுத வேண்டும் என்று சொல்லித் தந்தவன் நீதான். 2009இல் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு இந்த ஆட்டத்தில் ஒன்றும் புரியவில்லை. உன் தாத்தா சேப்பாக்கம் டெஸ்ட்டுக்கு ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு, பந்தை அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிற ஆட்டம் விசித்திரமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பேசுகிறார்கள், எனக்கும் தெரிய வேண்டும் என்று நீ கற்றுக்கொண்டு வந்து, சோபாவில் உட்கார வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். எனக்கு இங்கே பேசுவதற்கு ஆளே இல்லாத காலம் அது.

நீ சொல்லிக்கொடுத்ததில் எனக்கு ரொம்ப நாள் பிடிபடாதது ஒன்று உண்டு. தினமும் ஆட்டம். ஆறு மாதத்தில் 162. நம் ஊரில் இந்தியா ஒரு போட்டி தோற்றால் தாத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார். இங்கே நேற்று 10-3 என்று தோற்ற அணி இன்று சாயங்காலம் மறுபடி வந்து நிற்கிறது. நல்ல அணிகூட 60, 70 ஆட்டம் தோற்கும். கோப்பை வாங்கிய 2019 அணியே 93 ஜெயித்து 69 தோற்றதுதான். அந்த 69 ராத்திரியும் நாம் இரண்டு பேரும் சாப்பிட்டோம், பாத்திரம் கழுவினோம், மறுநாள் ரேடியோவைப் போட்டோம்.

2012 அக்டோபர் 12 உனக்கு மறந்திருக்காது. பிளேஆஃபில் கார்டினல்ஸுக்கு எதிரான தொடரின் கடைசி, ஐந்தாவது ஆட்டம். 6-0 என்று முன்னால் இருந்தோம். ஒன்பதாவது இன்னிங்ஸ் வரும்போது 7-5. இரண்டு அவுட் ஆகிவிட்டது, மூன்றாவது அவுட்டுக்கு இன்னும் ஒரே ஒரு ஸ்டிரைக் போதும். அது கிடைக்கவே இல்லை. நான்கு ரன் கொடுத்து 9-7 என்று முடிந்தது. உனக்குப் பத்து வயது. அழவில்லை, பேசவும் இல்லை, சிவப்புத் தொப்பியோடு போய்ப் படுத்துக்கொண்டாய். காலையில் எழுந்து வந்து, "அடுத்த சீசன் எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்று கேட்டாய். அன்றைக்குத்தான் நானும் இந்த அணிக்காரி ஆனேன்.

அப்புறம் 2019 மே 23. நியூயார்க்கில் மெட்ஸிடம் வரிசையாக நான்கு தோல்வி, மொத்தம் 19 வெற்றி, 31 தோல்வி. நம் ஆட்டக்காரர் ட்ரே டர்னர் ஏப்ரலில் விரல் உடைந்து பல வாரம் ஆடவில்லை. பிட்சர்கள் ஆறு இன்னிங்ஸ் கட்டிக்காத்துக் கொடுப்பார்கள், பின்னால் புல்பென்னிலிருந்து மாற்றாக வருகிற பிட்சர்கள் எட்டாவதில் கொட்டிக் கவிழ்ப்பார்கள். "சீசன் முடிஞ்சுதும்மா" என்று நீ ரேடியோவை அணைத்தாய். மறுநாள் நான் போட்டேன். மார்லின்ஸோடு ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸில் நம் ஹுவான் சோட்டோ பந்தை எல்லைக்கு வெளியே அடித்து, மூன்று ரன் தருகிற ஹோம் ரன் எடுத்து 12-10 என்று ஜெயித்தோம். மாடியிலிருந்து நீ இறங்கி வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ஜூனில் நம் பிட்சர் மேக்ஸ் ஷெர்ஸர், பந்தை மெதுவாகத் தட்டிவிடுகிற பன்ட் பயிற்சி எடுக்கும்போது பந்து முகத்தில் பட்டு மூக்கு உடைந்தது. மறுநாளே கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போன முகத்தோடு வந்து பிலடெல்பியாவுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் எறிந்தார். நீ பரீட்சைக்குப் படிக்காமல் டிவி முன்னால் நின்றாய், நானும் திட்டவில்லை. அக்டோபர் முதல் தேதி, தோற்றால் வெளியே என்கிற வைல்ட் கார்டு ஆட்டம், எட்டாவதில் இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். சோட்டோ அடித்த பந்து வலது பக்க ஃபீல்டரைத் தாண்டி உருண்டபோது நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். பதினேழு வயதுப் பையன் அம்மாவைத் தூக்கிச் சுற்றுவது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமா?

அதனால்தான் மார்ட்டினெஸ் போனது எனக்கு இவ்வளவு வலிக்கிறது. 19-31இல் எல்லாரும் அவரை அனுப்பச் சொன்னார்கள். அவர் குரலை உயர்த்தியதாக எனக்கு நினைவில்லை. செப்டம்பரில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார், சில நாளிலேயே திரும்பி வந்து நின்றார். அந்த அக்டோபரில், மேடுபள்ளமான பாதைதான் அழகான இடத்துக்குக் கொண்டுபோய் விடும் என்று சொன்னாரே, அதை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாய். பேப்பர் மஞ்சளாகிவிட்டது, எடுக்கவில்லை.

அவர் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த வருடம் சின்னப் பையன்கள் பேஸ் ஓடுவதிலும் பந்து பிடிப்பதிலும் அதே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அதைத் திருத்த வேண்டியவர் அவர்தான். ரிஸ்ஸோ பல வருடமாகத் தேர்ந்தெடுத்த இளம் ஆட்டக்காரர்களில் மேலே வந்தவர்கள் குறைவு, அதற்கு அவர்தான் பொறுப்பு. ஆனால் நல்ல பிட்சர்களை வாங்கப் பணம் போடாமல் அணியை வைத்திருந்தவர்கள் முதலாளிகள், அவர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். கோப்பை வாங்கித் தந்த இரண்டு பேரை சீசன் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அனுப்பியது எனக்குச் சரியாகப் படவில்லை. இடைக்கால மேனேஜராக மிகெல் கைரோவைப் போட்டார்கள்.

சரி, உன் கோபத்துக்கு வருகிறேன். அது இந்த வருடத்தியது இல்லை, எனக்குத் தெரியும். 2022 ஆகஸ்ட் 2. சோட்டோவுக்கு 15 வருட ஒப்பந்தம், 440 மில்லியன் டாலர் தருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு ஆட்டக்காரர்களை வாங்கிக்கொண்டு அவரை சான் டியேகோ அணிக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு நீ தொப்பியைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தவன்தான். 23 வயது ஆட்டக்காரனை விட்டுக்கொடுக்கிற அணியை எதற்கு நம்ப வேண்டும் என்று கேட்டாய். அப்போதும் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அந்த மாற்றத்தில் வந்தவர்களில் ஒருவன் ஜேம்ஸ் வுட். 2002 செப்டம்பரில் பிறந்தவன், உன் வயது. பிறந்தது நம் ராக்வில்லிலேயே. ஆறடி ஏழங்குலம். போன வருடம் ஜூலை முதல் தேதி அவன் முதல் ஆட்டத்துக்கு நான் மெட்ரோ ரெட் லைனில் போய் கிரீன் லைன் மாறி, மைதானம் இருக்கிற நேவி யார்டில் இறங்கினேன். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு தனியாகத்தான் போனேன், அப்பாவுக்கு வேலை. பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி, வயது எண்பது இருக்கும், அவரும் நோட்டு வைத்திருந்தார். நான் 'ந' போடுவதைப் பார்த்து என்ன எழுத்து என்று கேட்டார், சொன்னேன். அவர் நோட்டிலும் ஒரு 'ந' எழுதிக் காட்டச் சொன்னார்.

இந்த ஜூனில் 11 ஆட்டம் தோற்ற கதைக்கு வா. அதில் கடைசி மூன்று தோல்வி ராக்கீஸிடம், இந்த வருடத்தின் மிக மோசமான அணி அது. நம் மைதானத்தில். அடுத்த நாள் ஜூன் 19, அதே அணி, ஆட்டம் 11ஆவது இன்னிங்ஸ் வரை இழுத்தது. வுட் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்து 4-3 என்று முடித்தான். ரேடியோவில் வர்ணனையாளர் சார்லி ஸ்லோஸ் குரல் கேட்டு நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். பத்து நாள் கழித்து ஏஞ்சல்ஸுடன் ஆட்டம். அவனுக்குப் பந்து போடவே பயந்து நான்கு முறை வேண்டுமென்றே நடக்க விட்டார்கள். ஒரே ஆட்டத்தில் நான்கு முறை! 2004இல் பேரி பாண்ட்ஸுக்குச் செய்த பிறகு யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. நோட்டைப் பார், ஒரே வரிசையில் நான்கு 'ந', நான்கையும் வட்டம் போட்டிருக்கிறேன்.

நான் விடாததற்குக் காரணம் இதுதான், தம்பி. இந்த வருடம் 2019 ஆகாது. அன்றைக்கு ஷெர்ஸர், ஸ்ட்ராஸ்பர்க், ரென்டோன் என்று பெரிய ஆட்கள் இருந்து தோற்றோம், இவர்கள் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிற பிள்ளைகள். ஏப்ரலில் வெளியே போகிற பந்துக்கு மட்டையை வீசிக் கோட்டைவிட்ட பையன் ஜூலையில் அதை விட்டுவிட்டு நடக்கிறான். ஜெயித்த ஆட்டத்தின் சுருக்கத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது, தினமும் கேட்கிறவளுக்குத் தெரியும். நீ சியாட்டில் போன பிறகு சாயங்காலம் ஏழு மணிக்கு இந்த வீட்டில் ஒரு குரல் வேண்டும் என்பதும் உண்மைதான். அதையும் மறைக்கவில்லை.

நேற்று டிராஃப்ட், அணிகள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற நாள்; முதல் பெயரைக் கூப்பிடும் முறை நமக்கு. ஓக்லஹோமாவிலிருந்து ஈலை வில்லிட்ஸ் என்ற ஷார்ட்ஸ்டாப், 17 வயது. அவன் அப்பாவும் பெரிய லீக்கில் ஆடியவர். அவன் நேவி யார்டுக்கு வந்து சேர எத்தனை வருடம் ஆகுமோ, நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டேன்.

நீ சியாட்டில் மரைனர்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டதாக அக்கா சொன்னாள். கோபமில்லை. இருக்கிற ஊர் அணியைப் பார்க்கத்தானே வேண்டும், நானும் அப்படித்தானே ஆரம்பித்தேன். கால் ராலியும் நல்ல பையன், சீசன் நடு இடைவேளைக்குள் 38 ஹோம் ரன் அடித்துவிட்டான், அதுவும் பிட்சர் எறிவதைப் பிடிக்கிற கேட்சராக உட்கார்ந்து எழுந்துகொண்டு. இன்று இரவு அட்லாண்டாவில் ஹோம் ரன் டெர்பி, யார் அதிக ஹோம் ரன் அடிக்கிறார்கள் என்கிற போட்டி. உன் ராலியும் ஆடுகிறான், என் வுட்டும் ஆடுகிறான். எனக்கு எட்டு மணி, உனக்கு ஐந்து மணி. வேலையை முடித்துவிட்டு வீடியோ கால் போடு. அலமாரியிலிருந்த உன் தொப்பியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் பார்சலில் வரும். போட்டுக்கொள்கிறாயோ இல்லையோ, உன்னிடம் இருக்கட்டும்.

அப்பா விசாரித்தார்.

அன்புடன்,
அம்மா