ஜூலைப் பெருந்தீக்குச் சட்டமும் பொறுப்பாளரும் வேண்டி வட அயர்லாந்து அரசுக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
பெல்ஃபாஸ்ட் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினர்
(கையொப்பங்கள் இணைப்பில் உள்ளன)

பெறுநர்:
மாண்புமிகு முதலமைச்சர் அவர்கள்,
மாண்புமிகு துணை முதலமைச்சர் அவர்கள்,
நிர்வாக அலுவலகம், ஸ்டோர்மான்ட், பெல்ஃபாஸ்ட்.

நாள்: 15 செப்டம்பர் 2025

பொருள்: ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பொது இடங்களில் மூட்டப்படும் பெருந்தீக்களை, ஊர்வலங்களைப் போலவே முன்னறிவிப்புக்கும் நிபந்தனைகளுக்கும் உட்படுத்தச் சட்டம் இயற்றக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து வட அயர்லாந்தில் குடியேறியவர்கள். எங்களில் பெரும்பாலோர் இங்குள்ள மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் செவிலியர்களாகவும் உதவியாளர்களாகவும் பணியாற்றுகிறோம். மற்றவர்கள் மென்பொருள் நிறுவனங்களிலும் உணவகங்களிலும் வேலை செய்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் சொந்த ஊர். மனுவின் ஆங்கில வடிவம் இத்துடன் உள்ளது. கையொப்பமிடும் பெரியவர்கள் வரிக்கு வரி படித்துப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும் என்பதற்காகவே தமிழிலும் எழுதியிருக்கிறோம்.

எவருடைய கொண்டாட்டத்தையும் நிறுத்தச் சொல்லி நாங்கள் வரவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறோம். நாங்கள் வழிபடச் செல்லும் லட்சுமி நாராயணர் கோயில் கிளிஃப்டன் தெருவில் இருக்கிறது. கூரையின் மேல் குதிரையேறிய மூன்றாம் வில்லியம் மன்னரின் சிலையைத் தாங்கி நிற்கும் புராட்டஸ்டன்ட் சமூகத்தின் அமைப்பான ஆரஞ்சு சங்கத்தின் மன்றமும் அதே தெருவில்தான் இருக்கிறது. 1690-இல் பாய்ன் ஆற்றங்கரையில் புராட்டஸ்டன்டான வில்லியம், கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் மன்னரை வென்றதை ஜூலை 12 அன்று இசைக்குழுக்களோடும் பட்டுப் பதாகைகளோடும் ஊர்வலம் சென்று கொண்டாடும் மக்களுக்கு அந்த நாள் எவ்வளவு பெரியது என்பதைத் தேரும் திருவிழாவும் கண்டு வளர்ந்த எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. முந்தைய நாள் இரவு மூட்டப்படும் தீக்கும், வில்லியத்தின் கப்பல்களுக்கு வழிகாட்ட மலைகளின் மேல் மூட்டிய தீயே மூலம் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. அந்த மரபு வாழட்டும். அது பக்கத்து வீட்டாரின் உயிருக்கும் கண்ணியத்துக்கும் இடையூறின்றி நடக்க அரசு செய்ய வேண்டிய, இதுவரை செய்யாத ஒன்றைப் பற்றியதே இம்மனு.

அம்மையீர், ஒரு தெரு வழியாக இருபது பேர் மேளம் கொட்டிச் செல்ல வேண்டுமென்றாலும், அமைப்பாளர் 28 நாட்களுக்கு முன்பே காவல்துறையிடம் படிவம் கொடுத்தாக வேண்டும். அவருடைய பெயர், புறப்படும் நேரம், செல்லும் பாதை, வருவோர் எண்ணிக்கை, வாசிக்கப் போகும் இசைக்குழுக்கள் ஆகியவை அதில் இருக்கும். சச்சரவு வருமென்று தோன்றினால் ஊர்வல ஆணையம் பாதையையும் இசையையும் பற்றி நிபந்தனை விதிக்கும். ஆனால் அதே தெருவின் முனையில் சரக்கு அடுக்கும் மரச் சட்டங்களான பேலட்டுகளை நூறு அடி உயரத்துக்கு அடுக்கி, உச்சியில் அடுத்த சமூகத்தாரின் கொடியையும் தேர்தல் சுவரொட்டிகளையும் கட்டி எரிப்பதற்கு இப்படிப்பட்ட படிவமும் இல்லை, ஆணையமும் இல்லை, பொறுப்பேற்கும் பெயரும் இல்லை. எங்கள் ஊர்களில் கார்த்திகையன்று கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்தினால், ஓலை யார் கொண்டுவந்தது, தண்ணீர்க் குடத்தோடு யார் நிற்பது என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். இங்கே தீ எரிகிறது. கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஊர்வலங்களுக்கான சட்டம் சும்மா வந்துவிடவில்லை. 1995 முதல் ஆண்டுக்கு ஆண்டு போர்ட்டடவுன் நகரில், டிரம்க்ரீ தேவாலயத்திலிருந்து கத்தோலிக்கர் வாழும் கார்வாகி சாலை வழியே திரும்பும் ஆரஞ்சு சங்க ஊர்வலத்தால் நாடே கொந்தளித்தது. சட்டம் வந்த பிறகும் ஓயாத அந்தக் கொந்தளிப்பின் நடுவே, 1998 ஜூலை 12 விடியற்காலையில், பாலிமனியில் ஒரு வீட்டின் மீது வீசப்பட்ட பெட்ரோல் குண்டில் மூன்று சிறுவர்கள், உடன்பிறந்தவர்கள், எரிந்து இறந்தார்கள். அவர்களுடைய தாய் கத்தோலிக்கர். ஊர்வலங்களைப் பற்றி 1997-இல் வந்த நார்த் மீளாய்வு அறிக்கையும் 1998 பிப்ரவரியில் வந்த பொது ஊர்வலச் சட்டமும் அந்த ஆண்டுகளின் வேதனையிலிருந்து பிறந்தவை. ஆணையத்தின் தீர்ப்புகளை இரு தரப்பும் குறை சொல்லியிருக்கின்றன. ஆயினும் இன்று ஆண்டுதோறும் நடக்கும் ஆயிரக்கணக்கான ஊர்வலங்களில் பெரும்பாலானவை எந்தச் சலசலப்பும் இல்லாமல் முடிகின்றன. பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கர் வாழும் ஆர்டாய்ன் பகுதியின் வழியே ஊர்வலம் திரும்பத் தடை வந்ததால், ட்வாடெல் அவென்யூவில் 2013 முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடித்த போராட்ட முகாமும்கூட, ஆர்டாய்ன் குடியிருப்பாளர்களும் ஆரஞ்சு சங்கக் கிளைகளும் நேருக்கு நேர் பேசி எட்டிய உடன்பாட்டால் 2016 அக்டோபர் 1-இல் முடிவுக்கு வந்தது. டெரி நகரில் அப்ரென்டிஸ் பாய்ஸ் என்ற புராட்டஸ்டன்ட் ஊர்வலச் சங்கமும் கத்தோலிக்கப் பகுதியான பாக்சைடின் மக்களும் பேசித் தீர்த்துக்கொண்டதை அனைவரும் அறிவர். பெயரும் முகவரியும் உள்ள அமைப்பாளர் ஒருவர் இருந்ததால்தான், எதிர்த்தரப்புக்குப் பேச்சுவார்த்தை நடத்த ஆள் கிடைத்தார் என்று நாங்கள் கருதுகிறோம்.

பெருந்தீயில் அந்த ஆள் இல்லாததன் விளைவை 2025 ஜூலையில் எல்லோரும் பார்த்தோம். டோனிகால் சாலையை ஒட்டிய மெரிடி தெருவில் கட்டப்பட்ட மரக்கோபுரம், ஆஸ்பெஸ்டாஸ் கழிவு கிடந்த மனையில் எழும்பியது. அருகிலேயே துணை மின் நிலையம். அதிலிருந்துதான் ராயல் விக்டோரியா மருத்துவமனைக்கும் சிட்டி மருத்துவமனைக்கும் மின்சாரம் போகிறது. சுற்றுச்சூழல் அமைச்சர் கொளுத்த வேண்டாம் என்று வேண்டினார். மாநகராட்சியின் குழு, ஒப்பந்ததாரரை அனுப்பி அகற்றத் தீர்மானித்தது. அகற்றப் போனால் எழக்கூடிய கலவரம், எரிய விடுவதைக் காட்டிலும் ஆபத்தானது என்று சொல்லிக் காவல்துறை துணைக்கு வர மறுத்தது. நிலம் தனியாருடையது. கடைசியில் ஜூலை 11 இரவு அது எரிந்தது. மின்சாரம் தடைப்படவில்லை, அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்கிறோம். ஆயினும் செயற்கைச் சுவாசக் கருவியில் கிடக்கும் நோயாளியின் பக்கத்தில் இரவு முழுக்க நிற்பது எப்படி என்று தெரிந்த செவிலியர்கள் இம்மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இத்தனை அமைப்புகள் அபாயத்தை அறிந்திருந்தும் ஒன்றுகூடத் தடுக்க இயலாத நிலை எப்படி உருவானது என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இது முதல் முறையும் அன்று. 2021-இல் வடக்கு பெல்ஃபாஸ்டின் ஆடம் தெருவில், புராட்டஸ்டன்டுகள் வாழும் டைகர்ஸ் பே, கத்தோலிக்கர் வாழும் நியூ லாட்ஜ் ஆகிய இரு குடியிருப்புகளுக்கும் நடுவே எழுந்த மரக்கோபுரம் அரசுத் துறைகளுக்குச் சொந்தமான நிலத்தில்தான் நின்றது. அதை அகற்ற அமைச்சர்கள் இருவர் விரும்பியும் காவல்துறை பாதுகாப்பு தர மறுத்தது. அமைச்சர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். காவல்துறையைக் கட்டாயப்படுத்த நீதிமன்றம் இணங்கவில்லை. நிலமும் அரசுடையது, காவலும் அரசுடையது, வழக்குத் தொடுத்தவர்களும் அரசின் அமைச்சர்கள் என்றால் குடிமக்கள் யாரிடம் போய் முறையிடுவது?

தீயைச் சுற்றி வாழ்வோர் படும் பாட்டையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கப்படும். வெப்பத்தில் கண்ணாடி வெடித்துவிடாமலிருக்கத் தீயணைப்பு வீரர்கள் சுவர்களிலும் கூரைகளிலும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருப்பார்கள். விடிந்ததும் பார்த்தால், உருகி மேடு பள்ளமான தார், சாம்பலுக்குள் பேலட்டுகளின் ஆணிகள் குவியல் குவியலாக, எரித்த டயர்களின் கம்பிச் சுருள்கள், நடுவே மிதிவண்டி ஓட்டும் குழந்தைகள். தீயைக் கட்டுவோரும் ஆபத்தில்தான் இருக்கிறார்கள். 2022 ஜூலையில் லார்ன் நகரில் கோபுரம் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் மேலிருந்து விழுந்து உயிரிழந்தார். அந்தக் குடும்பத்தின் இழப்பையும் எங்கள் இழப்பாகவே நினைக்கிறோம்.

இவை அனைத்திலும் எங்களை நேராகத் தொட்டது மொய்காஷலில் நடந்தது. டைரோன் மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில், 2025 ஜூலை 10 இரவு, உயிர்காப்பு உடை அணிவித்த, கறுத்த நிற மனித உருவங்கள் பன்னிரண்டுக்கும் மேல் படகு ஒன்றில் அமர்த்தப்பட்டு, குடியேறிகள் வரும் படகுகளை நிறுத்தச் சொல்லும் வாசகத்தோடு கோபுரத்தின் உச்சியில் ஏற்றி எரிக்கப்பட்டன. புராட்டஸ்டன்ட் சபையான அயர்லாந்துத் திருச்சபையின் பேராயரே அதைக் கிறித்தவத்துக்கு ஒவ்வாதது என்று கண்டித்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் பாலிமெனாவில் வெளிநாட்டார் வீடுகள் தாக்கப்பட்டன. இன்ன நாட்டவர் இங்கே குடியிருக்கிறோம் என்று கதவில் எழுதி ஒட்டினால் தப்பலாம் என்று சில குடும்பங்கள் ஒட்டின. எங்களில் சிலருடைய பெற்றோர், 1983 ஜூலையில் கொழும்பில், வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி வந்த கூட்டத்திடமிருந்து தப்பியவர்கள். கதவில் எழுதிய அடையாளத்தைப் பார்த்தபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைத் தாங்கள் உணர்வீர்கள் என்று நம்புகிறோம்.

வேலையில் சேரும் நாளில், புராட்டஸ்டன்ட் சமூகமா, கத்தோலிக்க சமூகமா, இரண்டும் இல்லையா என்று கேட்கும் கண்காணிப்புப் படிவத்தை நாங்களும் நிரப்புகிறோம். நியாயமான வேலைவாய்ப்புக்காக ஏற்பட்ட அந்தக் கேள்வியின் நோக்கத்தை மதிக்கிறோம். 2021 கணக்கெடுப்பின்படி கத்தோலிக்கப் பின்னணியினர் 45.7 விழுக்காடு, புராட்டஸ்டன்ட் மற்றும் பிற கிறித்தவப் பின்னணியினர் 43.5 விழுக்காடு, பிற சமயத்தார் 1.5 விழுக்காடு மட்டுமே. இரண்டும் இல்லை என்ற கட்டத்தில் குறியிடும் நாங்கள் இந்தச் சச்சரவுக்கு வெளியே இருக்கிறோம் என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தோம். இப்போது தீயின் உச்சியில் எங்கள் சாயலில் உருவங்கள் வைக்கப்படுகின்றன. வெவ்வேறு சமய நம்பிக்கை, அரசியல் கருத்து, இனக்குழு ஆகியவற்றைச் சேர்ந்தோரிடையே நல்லுறவு வளர்வதைப் பொது அமைப்புகள் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 1998 வட அயர்லாந்துச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவில் நாங்களும் அடக்கம்.

ஒரு சமூகத்தை மட்டும் குறிவைத்து இதை எழுதவில்லை. 1971 ஆகஸ்ட் 9-இல் தொடங்கிய விசாரணையற்ற காவலின் நினைவாகவும், ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்பு நாளிலும், அயர்லாந்துக் குடியரசோடு இணைய விரும்பும் கத்தோலிக்கர் வாழும் குடியரசுவாதப் பகுதிகளில் மூட்டப்படும் தீயில் பிரித்தானியக் கொடிகளும் போரில் இறந்தோருக்கான பாப்பி மலர் வளையங்களும் எரிக்கப்பட்டிருக்கின்றன. நாங்கள் கேட்கும் சட்டம் அவற்றுக்கும் அதே அளவில் பொருந்த வேண்டும்.

கொடி, அடையாளம், பண்பாடு, மரபு ஆகியவை பற்றி ஆராய 2016-இல் அமைக்கப்பட்ட ஆணையத்தின் அறிக்கை 2021 டிசம்பர் 1-இல் வெளியானபோது, அதை நடைமுறைப்படுத்தும் செயல்திட்டத்தில் உடன்பாடு ஏற்படவில்லை. இரு பெரும் சமூகங்களின் பிரதிநிதிகளாகச் சம அதிகாரத்தோடு அமர்ந்திருக்கும் தாங்கள் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டாலன்றி இதில் ஒன்றும் நகராது என்பதால்தான் தனித்தனித் துறைகளுக்கு எழுதாமல் தங்கள் இருவருக்கும் ஒரே மனுவாக எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை இதுதான். பொது இடத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மூட்டப்படும் எந்தத் தீக்கும், பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் அமைப்பாளர் ஒருவர், ஊர்வலத்துக்கு உள்ளது போலவே குறித்த நாட்களுக்கு முன் அறிவிப்புத் தர வேண்டும். இடம், உயரம், வீடுகளிலிருந்தும் மின் நிலையங்களிலிருந்தும் உள்ள தொலைவு, எரிக்கப்படும் பொருள், காப்பீடு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். நிபந்தனை விதிக்கவும் மறுக்கவும் ஒரே ஒரு அமைப்புக்கு அதிகாரம் வேண்டும். அந்த அமைப்பின் முடிவைச் செயல்படுத்தும் கடமை யாருடையது என்பது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். உள்ளாட்சியும் சுற்றுச்சூழலும் தங்கள் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை ஆதலால் இதைத் தொடங்க இலண்டனுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மனிதரின் உருவங்களையும் பிறர் கொடிகளையும் எரிப்பது அனுமதியின் நிபந்தனையிலேயே விலக்கப்பட வேண்டும்; எரிந்து முடிந்த பிறகு வெறுப்புக் குற்றம் என்று பதிவு செய்வதால் எங்கள் பிள்ளைகளின் அச்சம் நீங்குவதில்லை. பெல்ஃபாஸ்டில் சில பகுதியினர் தாங்களாகவே மரக்கோபுரத்தைக் கைவிட்டு, மணல் பரப்பின் மேல் நிறுத்திய இரும்புக் கூண்டில் வில்லோ மரச்சீவல்களை எரிக்கும் முறைக்கு மாறியிருக்கிறார்கள். அவர்களே இந்த நாட்டில் எங்களுக்கு நம்பிக்கை தருபவர்கள். அவர்களுக்கான நிதி ஆண்டுக்கு ஆண்டு கேட்டுப் பெறும் நிலையில் இல்லாமல் நிலையாக ஒதுக்கப்பட வேண்டும்.

2026 ஜூலைக்குள் சட்டம் முழுமை பெறாமல் போகலாம் என்பதை அறிவோம். அதுவரை, நில உரிமையாளர், மாநகராட்சி, காவல்துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றில் எந்தக் கட்டத்தில் யார் முடிவெடுப்பது என்பதை எழுத்தில் வகுத்து, வரும் ஏப்ரல் இறுதிக்குள் வெளியிடும்படி வேண்டுகிறோம். அந்த ஆலோசனையில் புதிதாகக் குடியேறிய சமூகங்களையும் அழைக்க வேண்டும். எங்கள் சார்பில் ஐந்து பேர் தங்களை நேரில் சந்தித்து விளக்க, ஒரு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெல்ஃபாஸ்ட் வாழ் தமிழ்க் குடும்பத்தினர்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், மனுவின் ஆங்கில வடிவம்