கொறங்காட்டுக்கு ஒரு வரைபடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாராபுரத்துக்கும் பல்லடத்துக்கும் நடுவில், குண்டடம் பக்கத்தில் 9 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடு, வைத்துச் செம்மறி மேய்க்கிறவள் நான். வயது 58. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் காட்டில்தான் என் பொழுது விடிகிறது, அடைகிறது. சூரிய மின் நிலையங்கள் பற்றியும் மரம் நடும் திட்டங்கள் பற்றியும் உங்கள் நாளிதழில் வருகிற செய்திகளைத் தவறாமல் படிக்கிறேன். அந்த இரண்டிலும் விட்டுப்போகிற ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன பங்குனியில் எங்கள் காட்டுக்கு மேற்கே இருந்த 6 ஏக்கரை, சூரிய மின் பலகை வைப்பதற்காக ஒரு நிறுவனம் குத்தகைக்கு எடுத்தது. அந்தக் காட்டின் நடுவில் ஒரு சின்ன மேடு. அதில் குள்ளநரி வளை ஒன்று, மூன்று வாய் வைத்து, பல வருஷமாக இருந்தது. சாயங்காலம் ஆட்டைப் பட்டியில் அடைக்கிற நேரத்தில் குட்டிகள் வெளியே வரும். ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு புழுதியில் உருளும். வால் நுனி மட்டும் மையில் தொட்டு எடுத்த மாதிரி கறுப்பாக இருக்கும். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஜேசிபி வந்தது. ஒன்பது மணிக்குள் மேடு தரையோடு தரையாகிவிட்டது. வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ச் சொன்னேன். மேற்பார்வை பார்த்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "எங்க பேப்பர்ல வெறுந் தரிசுன்னுதானுங்கம்மா இருக்குது" என்று கையிலிருந்த வரைபடத்தை விரித்துக் காட்டினான். அவன் சொன்னது பொய் இல்லை. அந்தத் தாளில் சர்வே எண் இருந்தது, அளவு இருந்தது, கம்பி வேலி எங்கே வர வேண்டும் என்று சிவப்புக் கோடு இருந்தது. நரி வளை மட்டும் இல்லை. அன்று ராத்திரியும் மறுநாள் ராத்திரியும் தாய் நரி எங்கள் வேலியோரமாகவே நடந்துகொண்டிருந்தது.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். கொறங்காடு தானாக உண்டான பொட்டல் இல்லை. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் எங்கள் முன்னோர் உண்டாக்கி வைத்த மேய்ச்சல் காடு. மேற்கு மலையின் மழை மறைவில் கிடக்கிற பூமி இது. வெள்ளாமையை நம்ப முடியாது, புல்லை நம்பலாம். சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். கோடையில் புல் கருகினாலும் வெள்வேலங்காய் விழுந்து ஆட்டுக்குத் தீனியாகும். ஒரு காட்டில் மேய்த்துக்கொண்டே இன்னொன்றைப் படலைச் சாத்தி ஆறப் போடுவோம். காங்கேயம் காளை என்று நாடே பேசுகிறதே, அது வளர்ந்தது இந்தப் புல்லில்தான்.

இப்படிப்பட்ட பூமி வானத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று என் மகன் செல்போனில் காட்டினான். சித்திரையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் எல்லாமே காவி நிறம். கிளுவைகூட இலையை உதிர்த்துவிட்டு நிற்கிற காலம் அது. பார்ப்பவர்கள் பாலைவனம் என்றுதான் நினைப்பார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்த படத்தில் அதே இடம் பச்சை நூலால் பின்னிய வலை மாதிரி இருந்தது. ஒவ்வொரு கண்ணியும் ஒரு கொறங்காடு. எந்த மாதத்துப் படத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பதில் இவ்வளவு இருக்கிறது.

மத்திய அரசின் நில வளத் துறையும் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து தரிசு நிலங்களுக்கு ஒரு வரைபடத் தொகுப்பு வெளியிடுகின்றன. 2019 பதிப்பின்படி நாட்டின் பரப்பில் 16.96 சதவீதம் தரிசு. புதர் நிலமும் சீரழிந்த மேய்ச்சல் நிலமும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. தரிசு என்று எழுதியாகிவிட்டால் அதில் எதையாவது கொண்டுவந்து வைக்க வேண்டும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? 2022-இல் எம்.டி. மதுசூதன், அபி வனக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறு மாதிரி ஒரு வரைபடம் போட்டார்கள். வறண்ட பகுதிகளில் இயற்கையாகவே மரம் அடர்ந்திராத புல்வெளி, முட்காடு, பாறைத்தரை எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டினார்கள். நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 10 சதவீதம் அப்படிப்பட்ட பூமி. அதில் 5 சதவீதம்கூடச் சரணாலயங்களுக்குள் இல்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அது நாடு முழுதுக்குமான படம். ஜேசிபி வந்து நிற்பது சர்வே எண்ணில். அந்த அளவுக்கு இறங்கி வந்து ஒரு வரைபடம் போட வேண்டும்.

அது முடியாத காரியம் இல்லை. அந்த மேடு போன பிறகு நானே ஆரம்பித்தேன். எங்கள் காட்டுக்கும் அக்கம்பக்கத்து நாலு காட்டுக்கும் எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தின் நகல் வாங்கி, ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி, ஆடு மேய்க்கும்போது கையோடு கொண்டு போகிறேன். என்ன பார்த்தேன், எந்த மூலையில், எந்த மாதம் என்று குறிக்கிறேன். நீலப் பேனா மழைக்காலத்துக்கு, பச்சை பனிக்காலத்துக்கு, சிவப்பு கோடைக்கு. ஞாயிற்றுக்கிழமை மகன் திருப்பூரிலிருந்து வந்து அதைச் செல்போனில் ஏற்றுகிறான்.

சிவப்பில் குறித்ததில் ஒன்றைச் சொல்கிறேன். தெற்குக் காட்டில் சரளைக்கல் பரவின ஒரு திட்டு இருக்கிறது, புல் சரியாக வராது. இத்தனை வருஷமும் அதைப் பிரயோஜனமில்லாத மூலை என்றே நினைத்திருந்தேன். சித்திரையில் ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டியபோது மஞ்சள் மூக்கு ஆட்காட்டிக் குருவி ஒன்று தரையிலேயே நின்றது. ஆடு நெருங்கியதும் இரண்டு இறக்கையையும் விரித்து முன்னால் வந்து நின்று கத்தியது. இருபது ஆடும் அப்படியே இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போயின. குனிந்து பார்த்தால் கல்லோடு கல்லாக நாலு முட்டை. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தபோது எனக்கே எது கல், எது முட்டை என்று தெரியவில்லை.

பச்சையில் குறித்தது நேர் எதிர். மார்கழி, தை மாதங்களில் பூனைப்பருந்துகள் வருகின்றன. கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளிலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வருபவை. இவை ராத்திரி மரத்தில் அடைவதில்லை. உயரமான புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாக அடைகின்றன. நாங்கள் ஆறப்போட்ட வடக்குக் காட்டில், முழங்கால் உயரப் புல்லில், ஒரு சாயங்காலம் பதினொன்று எண்ணினேன். கௌதாரிக்குச் சரளைத் திட்டும் உயரப் புல்லும் போதாது, கிளுவை வேலியின் அடர்த்தி வேண்டும்.

ஆட்காட்டிக்கு மேய்ந்த தரை, பருந்துக்கு மேயாத புல். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது தாளில் குறித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இப்போது கோடையில் சரளைத் திட்டில் பட்டி போடுவதில்லை. வடக்குக் காட்டைத் தை கழிந்த பிறகே திறக்கிறேன். எனக்கு இதில் ஒரு ஆட்டுத் தீனிகூடக் குறையவில்லை. அப்புறம், மேய்க்காமலே பூட்டி வைத்தாலும் காடு பிழைக்காது. எங்களுக்குக் கிழக்கே ஆளில்லாமல் பத்து வருஷமாகக் கிடக்கிற காட்டில் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. அங்கே நான் குறிக்க ஒரு வானம்பாடிகூட இல்லை.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குத்தகைக்கு விட்ட பக்கத்துக் காட்டுக்காரரையும் குறை சொல்ல மாட்டேன். செம்மறியில் வருகிற காசை நம்பி ஒரு குடும்பம் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். குத்தகை வருஷா வருஷம் நிச்சயமாக வருகிறது. நான் கேட்பது, மின் பலகை வைக்க முதலில் அந்தச் சீமைக்கருவேலங்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். எது கெட்டுப்போன பூமி, எது உயிரோடு இருக்கிற பூமி என்று வரைபடம் இருந்தால்தானே அப்படிச் சொல்ல முடியும்? சூரிய மின் நிலையத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் இல்லை என்கிறார்கள். அப்படியானால் எங்கள் பக்கம் கேட்டுப் பார்க்க வேறு இடமே இல்லை.

மரத்துக்கும் இதே பேச்சுதான். தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க 2022-இல் தொடங்கிய இயக்கம் நல்ல எண்ணத்தில் வந்தது. ஆனால் மேய்ச்சல் புறம்போக்கில் வரிசையாகக் குழி வெட்டி நட்டால், அந்த நிழலில் கொழுக்கட்டைப் புல் நிற்காது. எங்கே நட வேண்டும் என்பதோடு எங்கே நடக்கூடாது என்பதையும் வரைபடம் சொல்ல வேண்டும்.

இதற்குப் புதிதாகச் சட்டம் வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் உண்டு. அந்தப் பதிவேட்டில் பெயர்ப் பட்டியலோடு சர்வே எண் வாரியாக, மாத வாரியாகப் படமும் சேரட்டும். பொங்கலை ஒட்டி 2015 முதல் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் பார்த்துப் பழகிய பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏரிக்கரையோடு நின்றுவிடாமல் கொறங்காட்டுக்குள்ளும் அவர்களை வரச்சொல்ல வேண்டும். கூட ஆடு மேய்க்கிறவர்களை அழைத்துக்கொள்ளட்டும். வளை எங்கே, முட்டை எங்கே என்று அவர்களுக்குத் தெரியாததா?

இரண்டு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். வளையும் கூடும் இருக்கிற இடத்தைப் புள்ளி வைத்து ஊருக்கெல்லாம் காட்டக்கூடாது. கௌதாரிக்குக் கண்ணி வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சேலம் பக்கம் சில ஊர்களில் பொங்கலுக்கு வங்காநரி என்று இதே குள்ளநரியைப் பிடிக்கிற வழக்கத்தை வனத்துறை அபராதம் போட்டும் நிறுத்த முடியவில்லை. இன்னொன்று, தன் காட்டில் நரி இருக்கிறது என்று காட்டிக்கொடுத்த விவசாயிக்கு அதனால் நஷ்டம் வரக்கூடாது. நிலத்தை விற்க முடியாது, குத்தகைக்கு விட முடியாது என்று மட்டும் சொன்னால், அடுத்த வருஷம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வளையை அவர்களே மூடிவிடுவார்கள். அப்படிப்பட்ட காட்டை மேய்ச்சல் காடாகவே வைத்திருப்பதற்கு வருஷத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கட்டும். கிளுவைப் போத்து நட்டு வேலி அடைக்கிற கூலியாவது கொடுக்கட்டும்.

என்னிடம் இப்போது ஐந்து காட்டுக்கான தாள்கள் இருக்கின்றன. ஊராட்சியோ, வனத்துறையோ, கல்லூரிப் பிள்ளைகளோ யார் கேட்டாலும் நகல் தருகிறேன். மார்கழியில் வந்தால் பருந்துகளைக் காட்டலாம். விடியற்காலை ஆறு மணிக்கெல்லாம் நான் படலைத் திறந்துவிடுவேன்.

இப்படிக்கு,
கொறங்காட்டு விவசாயி ஒருவர்,
குண்டடம் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.