ஏழாவது செடி

செல்வி,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள். வீட்டில் எல்லாரும் நலம், முட்டிவலியும் நலம்.

நேற்று வகுப்பில் மூக்கு உடைந்தது. உன்னைத் தவிர யாரிடம் சொல்ல? இரண்டு நெட்டைப் பட்டாணிச் செடிகளைக் கலந்ததில் ஆறு செடிகள் வந்தன, ஆறும் நெட்டை, பெற்றோரின் ஜீனாக்கம், அதாவது ஜீன் ஜோடி, என்ன என்று வழக்கமான கணக்கு. இருபது வருடமாக எழுதுகிற விடையைப் பலகையில் எழுதினேன்: பெற்றோரில் ஒன்றாவது தூய நெட்டை, ஜோடியில் இரண்டுமே நெட்டை ஜீன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "ஏழாவது விதை குட்டையாக முளைத்தால் என்ன சார் பண்ணுவீங்க?" என்றாள்.

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்து மழுப்பினேன். ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே கலப்பு, அதாவது ஒரு நெட்டை ஜீனும் அதற்கு அடங்கிய ஒரு குட்டை ஜீனும் கொண்டவை, என்றாலும் ஒவ்வொரு செடிக்கும் நெட்டையாக நாலில் மூன்று வாய்ப்பு உண்டு, அதை ஆறு தடவை பெருக்கினால் கிட்டத்தட்ட 18 சதவீதம். சின்ன வாய்ப்பா அது? குட்டை ஒன்றே ஒன்று முளைத்தால் போதும், ஆளுக்கொரு ஒடுங்கு ஜீன், அந்தக் குட்டை ஜீன், கொடுத்தாக வேண்டும், இரண்டும் கலப்பு, வழக்கு முடிந்தது. நெட்டை எத்தனை வந்தாலும் சந்தேகம் குறையுமே தவிர தீராது. குட்டைச் செடியோடு சோதனைக் கலப்பு செய்தால் சீக்கிரம் பிடிபடும். அதில் ஒரு கலப்புச் செடி ஆறு தடவையும் நெட்டையையே தர 64இல் 1தான் வாய்ப்பு.

மெண்டலுக்கே இந்தச் சிக்கல் இருந்தது. நெட்டைச் செடி தூயதா கலப்பா என்று அறிய அவர் ஒவ்வொன்றும் தன்மகரந்தச் சேர்க்கையில் தந்த 10 விதைகளை விதைத்துப் பார்த்தார். பத்தும் நெட்டையாகவே வந்து ஏமாற்றக்கூடிய கலப்புச் செடிகள் 5.6 சதவீதம். அப்படியிருந்தும் எண்கள் எப்படி இவ்வளவு ஒழுங்காக வந்தன என்று 1936இல் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் கேட்டார். அந்தப் பெண் ஃபிஷர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டாள்.

சங்கரனிடம் மூச்சுவிடாதே, வெங்காயவேர் விவகாரத்தையே அவன் இன்னும் விடவில்லை.

அப்புறம், சிரிக்காமல் கேள். போன வருடம் ஒரு பையன் இதே கேள்விக்கு "ஆறு செடியை வைத்துச் சொல்ல முடியாது" என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையில் பெரிய பூஜ்யம் போட்டேன். அவன் இப்போது எந்தக் கல்லூரியில் இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்குப் பலகையில் அடித்து எழுதப் போகிறேன். ஆனால் பரீட்சையில் பழைய விடைக்குத்தானே மார்க், அந்தப் பெண்ணிடம் எதை எழுதச் சொல்வது? கேள்வித்தாள் எடுக்கிறவள் நீ, உடனே பதில் போடு.

முரளி