ஸ்பானிய வகுப்பில் பிள்ளைகளின் குரல் கேட்க வேண்டும்

சென்னையில் ஸ்பானிய மொழியைப் பாடமாக வைத்திருக்கும் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம். பல ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழி கற்பித்துவரும் ஆசிரியை என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். மொழி வகுப்புகளுக்கெனக் கைக்கணினிகளும் செயலிகளும் வாங்கும்போது, அந்தச் செலவு பிள்ளைகளின் காதுக்கும் நாவுக்கும் பயன்படுமாறு பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒரு செயலியில் நூறு நாள் இடைவிடாமல் பயின்றதற்குக் கிடைத்த பதக்கத்தை மகிழ்ச்சியோடு என்னிடம் காட்டினாள். 'கோமோ தே யாமாஸ்?' என்று கேட்டேன். உன் பெயர் என்ன என்பதுதான் கேள்வி. திரையில் நான்கு விடைகள் இருந்திருந்தால் நொடியில் தொட்டிருப்பாள். திரை இல்லாததால் பேசாமல் நின்றாள். அவள் உழைப்பில் குறையே இல்லை. அந்த நூறு நாளில் அவள் வாய்திறந்து விடை சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

இன்னொரு வகுப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஸ்பானிய மொழியில் 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெர்ரோ' என்றால் நாய். ஒடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் பிள்ளைகள் இரு சொற்களையும் தங்கள் குரலில் பதிந்து, ஒலியலையைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். முதற்சொல்லில் நா ஒருமுறை தட்டிய இடம் ஒரு சிறு பள்ளமாகத் தெரிந்தது. இரண்டாம் சொல்லில் அத்தகைய பள்ளங்கள் இரண்டு மூன்று அடுத்தடுத்து விழ வேண்டும். ஒரு பையன் மணி அடித்த பிறகும் போகாமல், மூன்றாம் பள்ளம் விழும்வரை பதிந்துகொண்டே இருந்தான். 'மரம்' என்பதன் ரகரமே 'பெரோ'வுக்குப் போதும் என்று கண்டுபிடித்துச் சொன்னவனும் அவன்தான். இதற்குத் தேவைப்பட்டவை ஒரு பழைய மடிக்கணினியும் ஓர் ஒலிவாங்கியும் மட்டுமே.

செயலிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே ஸ்பானியத்தைக் கற்பிக்கின்றன. 'மே குஸ்தா எல் கஃபே' என்பது 'எனக்குக் காபி பிடிக்கும்' என்ற நம் அமைப்பையே ஒத்திருக்க, ஆங்கிலத்தின் வழியே வரும் பிள்ளை அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு தடுமாறுகிறது. 'து', 'உஸ்தெத்' என்ற வேறுபாடும் நீ, நீங்கள் என்று பேசிப் பழகிய பிள்ளைக்கு ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும். ஆகவே ஆசிரியர் தமிழில் விளக்கம் சேர்க்க இடம்தரும் மென்பொருளையே தேர்ந்தெடுங்கள்.

காணொளி உரையாடலுக்கும் வழி செய்யுங்கள். இங்கே பிற்பகல் 2 மணி என்றால் ஸ்பெயின் தலைநகர் மத்ரீதில் குளிர்காலத்தில் காலை 9.30, கோடையில் 10.30, இரு பள்ளிகளும் நடக்கும் நேரம் அது. மெக்சிகோ நகரில் அப்போது அதிகாலை 2.30 என்பதால், அந்நாட்டுப் பிள்ளைகளோடு குரல்பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளலாம்.

ஸ்பானிய மொழியைப் பரப்பும் ஸ்பெயின் அரசு அமைப்பான செர்வான்தெஸ் நிறுவனம் 11 முதல் 17 வயதினருக்கு நடத்தும் தெலே (DELE) ஏ1 என்னும் தொடக்கநிலை ஸ்பானிய மொழித் தேர்வில் படித்தலும் எழுதுதலும் ஒரு பிரிவு, கேட்டலும் பேசுதலும் மற்றொரு பிரிவு; தேர்ச்சிக்கு ஒவ்வொன்றிலும் 50க்கு 30 பெற வேண்டும். திரையைத் தொட்டு மட்டும் பழகிய பிள்ளை இரண்டாம் பிரிவில் என்ன செய்யும்?

எந்தச் செயலிக்கும் சந்தா கட்டுவதற்குமுன் உங்கள் மொழி ஆசிரியரிடம் ஒரு வாரம் அதைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு பாடவேளையில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நிமிடம் வாய்திறந்து பேசியது என்று அவர் குறித்துத் தரட்டும். அந்தக் கணக்கைப் பார்த்து முடிவெடுங்கள்.

அன்புடன்,
ஒரு ஸ்பானிய மொழி ஆசிரியை