கீழ்வீட்டுச் சாவி

காந்தலூர் (கேரளா),
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்றுப் பேசிக்கொண்டிருக்கும்போது லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். மலையில் சிக்னல் நிற்காது என்று பெயர் வாங்கி வைத்திருப்பதில் இப்படியும் ஒரு வசதி. அப்போதே பதில் சொல்லியிருந்தால் கோபமாக வந்திருக்கும். அம்மா தூங்கிவிட்டாள், உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் பெரிசாக்கிப் பார்.

நீ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன், சரியா பார். கீழ்வீட்டில் இருக்கிற லைன்மேன் குடும்பத்தைக் காலி பண்ணச் சொல்லணும். நீ இரண்டு லட்சம் அனுப்புவாய். ஓடு மாற்றி, பாத்ரூமில் கீசர் வைத்து, திண்ணைக்கு முன்னால் ஓர் ஊஞ்சல் கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிற ஆப்பில் ஏற்றிவிட வேண்டும். புக்கிங் எல்லாம் நீ அங்கிருந்தே போனில் பார்த்துக்கொள்வாய். வாசலில் நம்பர் பூட்டு போட்ட சாவிப்பெட்டி ஒன்று மாட்டினால் போதும், நான் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம். மாசம் 5,000 ரூபாய் வருகிற வீட்டில் ஒரு சனி ஞாயிறிலேயே 7,000 வந்துவிடும்.

கணக்கு சரிதான். ஜீப்புக்கு இன்னும் 14 தவணை பாக்கி இருப்பதும், இந்தத் தடவை பூண்டு போட்ட காசுகூடத் திரும்பாததும் எனக்கு உன்னைவிட நன்றாகவே தெரியும். நம்ம பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று ஊரே இனிப்பு கொடுத்தது. வியாபாரி வந்து நிற்கும்போது அந்தக் காகிதத்தைக் காட்டினால் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுப்பானா? சரி, அது வேறு கதை.

பிப்ரவரியில் நீ அழுதுகொண்டே பேசினாயே, அதுதான் எனக்கு நேற்று ஞாபகம் வந்தது.

அங்கே அமெரிக்காவில், கொலராடோ மலையில், ஸ்டீம்போட்டில் நீ இருந்த வீட்டின் ஓனர், இரண்டு மாதம் டைம் கொடுத்து உன்னைக் கிளம்பச் சொன்னார். பனிச்சறுக்குக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் ஒரு வாரத்திலேயே நீ மாசம் முழுக்கக் கொடுப்பது வந்துவிடும் என்று முகத்துக்கு நேராகவே சொன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வேறு வீடு தேடினாய், உன் சம்பளத்துக்குக் கிடைக்கவில்லை. இப்போது கிரெய்க்கில் இருந்து போய் வருகிறாய். ஒரு வழிக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல். நம் வீட்டிலிருந்து சின்னாறு காட்டைத் தாண்டி உடுமலை போகிற தூரம் அது. பன்னிரண்டு மணி நேர நைட் ட்யூட்டி முடித்து, பனி கொட்டுகிற ரோட்டில் அரைத் தூக்கத்தில் வண்டி ஓட்டுகிறாய் என்று நினைத்தாலே உன் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. நான் முப்பது வருஷமாக மலை ரோட்டில் ஓட்டுகிறவன். யானை நின்றால் எப்படி நிற்கவேண்டும் என்று தெரியும். பனியில் வழுக்கினால் என்ன செய்யணும் என்று எனக்கே தெரியாதே, உனக்கு என்ன சொல்லிக் கொடுப்பேன்?

அந்த வாரம் முழுக்க நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய். உங்கள் ஊர் நகரசபை 2022 ஜூனில் ஊரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றாகப் பிரித்ததைச் சொன்னாய். சிவப்புப் பகுதியில் புதிதாக யாரும் வீட்டை நாள் வாடகைக்கு விட முடியாது, முன்பே நடத்திக்கொண்டிருந்தவர்கள் தொடரலாம். மஞ்சளில் இத்தனை வீடுதான் என்று எண்ணிக்கை. பச்சையில் தடையில்லை. உன் வீடு பச்சையில் இருந்தது, அதுதான் உன் தலையெழுத்து. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. டிராபிக் சிக்னல் ஒன்றுகூட இல்லாத ஊர்க்காரன், பிடிக்காமல் என்ன செய்யும்?

அப்புறம் அதே வருஷம் நவம்பரில் ஜனங்களிடமே ஓட்டுக்கு விட்டு, அந்த மாதிரி வாடகைக்கு மேல் இன்னும் 9 சதவீதம் வரி போட்டார்கள் என்றாய். நான் நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்த்தேன், 3,500 ரூபாய் அறைக்கு 315 ரூபாய். அந்தப் பணத்தை வைத்து வேலைக்காரர்களுக்கு வீடு கட்டுவதாகப் பேச்சு. பிரவுன் ராஞ்ச் என்று ஊருக்கு மேற்கே 536 ஏக்கர், இரண்டாயிரத்துக்கும் மேல் வீடுகள். 2024 மார்ச்சில் அந்த இடத்தை ஊரோடு சேர்க்கலாமா என்று மறுபடி ஓட்டெடுத்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வரி வேணும், வீடு வேண்டாம்! இதைக் கேட்டு நான் சிரித்தபோது நீ கோபித்துக்கொண்டாய். தனக்கு ஓட்டு இல்லாத ஊரில் நியாயத்துக்காக இப்படிக் கொதிக்கிறாளே என்றுதான் சிரித்தேன் பாப்பா, வேறொன்றும் இல்லை.

இன்னும் என்னென்னவோ ஊர்ப்பேர் சொன்னாய். பிரெக்கன்ரிட்ஜில் நாள் வாடகை வீடுகளுக்கு 2,200 உரிமத்துக்கு மேல் இல்லை என்று 2021-லேயே கட்டிவிட்டார்களாம். கிரெஸ்டட் பட் என்கிற சின்ன ஊரில் அதே வருஷம், குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்பதற்காகவே அவசரநிலை அறிவித்தார்களாம். வெள்ளம் வந்தால், மலை சரிந்தால் அறிவிப்பதைப் பார்த்திருக்கிறேன். வீடு இல்லை என்று அறிவித்து இப்போதுதான் கேள்விப்படுகிறேன். கலிபோர்னியாவில் சவுத் லேக் டாஹோவில் 2018-ல், குடியிருப்புத் தெருக்களில் இதெல்லாம் கூடாது என்று வைத்த ஓட்டு வெறும் 58 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது என்றாய். அது பிறகு கோர்ட்டு வரை போனதையும் சொன்னாய். 58 ஓட்டு என்றால் நம் வார்டில் ஜெயிக்கிற கணக்கு. ஊர் சரிபாதியாகப் பிளந்து நின்றிருக்கிறது. தோற்ற பாதியும் பொய் சொல்லியிருக்காது. அந்த வாடகையை நம்பி வீட்டுக் கடன் கட்டுகிறவன் இருப்பான், அந்த வீடுகளைக் கூட்டித் துடைத்துப் பிழைக்கிறவர்களும் இருப்பார்கள்.

இவ்வளவையும் எனக்கு விளக்கிச் சொன்ன பிள்ளைதான் நேற்று, "அப்பா, லைன்மேனுக்கு ஒரு மாசம் டைம் கொடுத்தா போதும்" என்கிறது. உன் ஓனராவது இரண்டு மாதம் கொடுத்தார்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அங்கே டென்வர் பட்டணத்துக்காரன் நாலு வீடு வாங்கிப் போட்டு வருஷத்தில் பத்து நாள் வந்து தங்குகிறான், நமக்கு இருப்பது தாத்தா கட்டிய ஓர் ஓட்டு வீடு, இரண்டும் ஒன்றா என்பாய். ஒன்றில்லை, நானும் ஒத்துக்கொள்கிறேன். இதை இரண்டு நாளாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவனுக்கு, வீட்டுக்காரன் ஏழையா பணக்காரனா என்பது தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நீ போய் மூன்று வருஷமாகிறது. நம் தெரு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. 2023-ல் சிறந்த சுற்றுலா கிராமம் என்று டெல்லியில் தங்க விருது கொடுத்த பிறகு சனிக்கிழமையானால் மறையூரிலிருந்து மேலே ஏறுகிற வண்டிக்கு அளவில்லை. நான் குறை சொல்லவில்லை. நம் ஜீப்பில் டீசல் ஊற்றுவதே அவர்கள்தான், உன் நர்சிங் பீஸில் பாதியும் அவர்கள் கொடுத்ததுதான். ஆப்பிள் மரத்தடியில் நின்று நூறு போட்டோ எடுக்கட்டும், நானே எடுத்தும் தருகிறேன். ஆனால் நம் தெருவில் பதினோரு வீடு, இன்றைக்கு அதில் ஐந்தின் வாசலில் சாவிப்பெட்டி தொங்குகிறது. வெள்ளி ராத்திரியிலிருந்து ஞாயிறு மத்தியானம் வரை வெளிச்சம், பாட்டு. மற்ற நாளில் பூனை போகிறது.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. மேலத்தெரு பெரியப்பா இறந்தபோது, கேதத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள் என்றுதானே சொன்னேன்? வந்தவர்கள் எல்லாம் வெளியூர், அதுவும் மத்தியானத்துக்கு மேல். காலையில் கொட்டு ஆரம்பித்ததும் அடுத்த வீட்டிலிருந்து அரைக்கால் டவுசர் போட்ட ஒரு பையன் கையில் காபி டம்ளரோடு என்னிடம் வந்தான். நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் பேசினான். "அண்ணா, இது எத்தனை மணி வரைக்கும் இருக்கும்? ரெஸ்ட் எடுக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தோம்" என்றான். நான் என்ன சொல்வேன்? செத்தவர் யாரென்று அவனுக்குத் தெரியாது, அது அவன் தப்பும் இல்லை. காசு கொடுத்து அமைதி வாங்க வந்திருக்கிறான். நாம் கொட்டடித்துக்கொண்டிருக்கிறோம்.

சாயங்காலம் பாடை தூக்குகிற நேரம். பெரியப்பா மகன் முன்னால் ஒரு முனை, நான் ஒரு முனை. பின்னால் பிடிக்க ஆள் தேடினால், வந்தவர்களில் பாதி பேர் எழுபது தாண்டியவர்கள், தெருவில் தோள் கொடுக்கிற வயசில் யாரும் இல்லை. கீழ்த்தெருவுக்கு ஆள் அனுப்பி ஒருவரைக் கூட்டி வந்தோம். நாலாவது முனையைப் பிடித்தது நம் லைன்மேன். தொடுபுழாக்காரர், கிறிஸ்தவர், நம் சடங்கு எதுவும் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, "எவிடெ பிடிக்கணும் சேட்டா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத் தோளில் வைத்தார். சுடுகாடு வரை மாற்றாமல் தூக்கினார். ஏற்றத்தில் அவர் மூச்சு வாங்கிய சத்தம் இப்பவும் என் காதில் இருக்கிறது.

ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் பத்து நிமிஷத்தில் டார்ச்சோடு நடந்தே வருகிறார், கீழ்வீட்டில் இருப்பதால். அவரைக் காலி செய்தால் காந்தலூரில் மாச வாடகைக்கு இன்னொரு வீடு இல்லை. நான் நாலு பேரிடம் விசாரித்துவிட்டேன், உனக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கத்தான். மறையூருக்குப் போவார். மழை ராத்திரியில் அங்கிருந்து பைக்கில் ஏறி வரணும். கிரெய்க்கில் இருந்து நீ வருகிற மாதிரி.

அதனால் கீழ்வீட்டை நான் தருவதாக இல்லை. இது உன் பணத்தை வேண்டாம் என்று சொல்வதில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன் அறை சும்மாதான் கிடக்கிறது. மாடியில் உன் அறையையும், அப்பத்தா படுத்திருந்த அறையையும் சேர்த்து ஹோம்ஸ்டே போடலாம் என்று அம்மாவும் நானும் பேசியிருக்கிறோம். சுற்றுலாத் துறையில் எழுதிக் கொடுத்தால் வந்து பார்த்து டைமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் போட்டுக் கொடுப்பார்கள். வீட்டுக்காரன் குடும்பத்தோடு அதே வீட்டில் இருக்கணும், ஆறு அறைக்கு மேல் கூடாது. நமக்கு இரண்டுதான். வருகிறவர்களுக்கு அம்மா அவிக்கிற ராகிப் புட்டும் பீன்ஸ் பொரியலும்தான் சாப்பாடு, பிடித்தால் வரட்டும். சத்தம் போட்டால் நான் கீழேயிருந்து மேலே போய்ச் சொல்லுவேன். பக்கத்தில் யாராவது செத்தால் யார் செத்தார் என்றும் சொல்லுவேன். கீழ்வீட்டில் வருவதில் பாதிகூட வராது, தெரியும். தவணை கட்ட அது போதும். பதினாலு மாசம் ஓடிவிடும்.

உன் அலமாரியை என்ன செய்வது என்று மட்டும் சொல். பத்தாம் வகுப்பு நோட்டு எல்லாம் அப்படியே இருக்கிறது, அம்மா ஒன்றையும் எடுக்க விடுவதில்லை. அப்புறம் கீசர். பதினைந்து லிட்டர் போதும் என்கிறேன், இருபத்தைந்து வேணும் என்கிறாள் அவள். இந்தக் குளிருக்குக் கோயம்புத்தூர்க்காரர்கள் எவ்வளவு நேரம் குளிப்பார்கள் என்று எனக்கென்ன தெரியும்? நீ சொல்கிறதை வாங்குகிறோம்.

காலையில் ஐந்தரைக்குப் பெருமலை ட்ரிப் இருக்கிறது. படுக்கிறேன். ரோட்டில் பனி இருந்தால் ஆஸ்பத்திரியிலேயே கொஞ்ச நேரம் படுத்துவிட்டு, வெளிச்சம் வந்த பிறகு கிளம்பு. கிரெய்க் போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு, எந்த நேரமானாலும்.

அப்பா