பனி இறங்கட்டும் என்றீர்களே, சித்தி

அன்புள்ள சித்திக்கு,

தம்பி கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருப்பது உங்கள் அவரை விதைதான். போன ஆடியில் நான் ஊருக்கு வந்தபோது முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பன்னிரண்டு விதை எண்ணிக் கொடுத்தீர்களே, அதன் பிள்ளைகள். மழையில் பந்தல் சாய்ந்து கொடி அழுகிவிட்டது, விதைக்குக்கூட ஒரு காய் மிஞ்சவில்லை என்று நீங்கள் போனில் சொன்னது முதல் எனக்கு இதே நினைப்பு. என் மாடியில் இருப்பதை எப்படியாவது காப்பாற்றி உங்களிடம் சேர்த்துவிட வேண்டும் என்று.

கடிதத்தைத் தம்பியே வாசித்துக் காட்டட்டும். நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. மாடியில் அவரை வைத்துவிட்டு, வெறும் இலையாகவே இருக்கிறதே என்று ஐப்பசியில் பிடுங்கிப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். நானும் பிடுங்கத்தான் போனேன்.

ஆடிப்பெருக்கு அன்று ஊன்றினேன். பெரிய பை இரண்டு, பைக்கு மூன்று விதை. செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய சாணி எல்லாம் சரிபங்கு. தளத்தில் ஈரம் இறங்கும் என்று வீட்டுக்கார அம்மா பயந்ததால் செங்கல் அடுக்கி அதன்மேல் பைகளை வைத்தேன். அஞ்சாம் நாள் முளை வந்துவிட்டது. ஆவணி முடிவதற்குள் துணி காயப்போடும் கம்பியைத் தொட்டு, புரட்டாசியில் கம்பி முழுக்கப் படர்ந்து, கீழே உட்கார்ந்தால் வெயிலே தெரியாத அளவுக்கு நிழல். ஒரு மொட்டு கிடையாது.

சத்து போதவில்லை என்று நினைத்துக்கொண்டு மண்புழு உரம் போட்டேன், மீன் அமிலம் தெளித்தேன். போடப் போட இலைதான் அகலமாயிற்று. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அவரை தன் வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் நுண்ணுயிரை வைத்துக் காற்றிலிருந்தே தழைச்சத்து எடுத்துக்கொள்ளும். அதற்கு மேலும் தழைச்சத்தைக் கொட்டினால் தழைக்காமல் என்ன செய்யும்?

அன்றைக்கு உங்களுக்குப் போன் செய்து பிடுங்கிவிடட்டுமா என்று கேட்டேன். நீங்கள் ஒரே வார்த்தைதான் சொன்னீர்கள். "ஏத்தா, பனி இறங்கட்டும். சும்மா விடு."

சும்மா விட்டேன். கார்த்திகை தீபத்துக்கு விளக்கு வைக்க மாடிக்குப் போனபோது இலைகளுக்கு மேலே ஒரு காம்பு நிமிர்ந்து நின்றது. விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். அரிசி மணி அளவில் ஊதா மொட்டு, காம்பைச் சுற்றி அடுக்கடுக்காக. எனக்குக் கண் கலங்கிவிட்டது சித்தி.

அது ஏன் அப்படிக் காத்திருக்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். கொடி அவரை இரவை அளக்கிற செடி. இரவு போதுமான அளவு நீளாமல் அது பூ எடுக்காது. நம் பக்கம் ஆனி மாதத்தில் பகல் ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம்; மார்கழியில் 11 மணி 30 நிமிடம். வித்தியாசம் மொத்தமே ஒரு மணி நேரம் சொச்சம்தான். கடிகாரம் பார்க்காவிட்டால் நமக்குத் தெரியவே தெரியாது. அந்த இத்துனூண்டு வித்தியாசத்தை இலை கவனித்துக்கொண்டே இருக்கிறது. பனி இறங்குவதும் இரவு நீளுவதும் ஒரே சமயத்தில் நடப்பதால், நீங்கள் சொன்ன கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. இப்போது கடையில் கிடைக்கும் செடி அவரை விதைகளுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை, எந்தப் பட்டத்திலும் காய்க்கும் என்கிறார்கள். ஆடியில் ஊன்றித் தையில் பறிக்கிற நம் கொடிதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். தெருவிளக்கு வெளிச்சம் நேராக விழுகிற மூலையில் படர்ந்த கொடி மட்டும் பத்து நாள் கழித்துத்தான் பூத்தது. அதற்கு இரவு சரியாக இருட்டவில்லை போல. இந்த ஆடிக்குப் பைகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்த்தப் போகிறேன்.

பூ வந்ததும் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வந்துவிட்டது. பூங்காம்பு முழுக்கக் கருப்பாக அப்பிக்கொண்டு, கூடவே எறும்பு வரிசை. அசுவினி கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்குமாம். காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து விரலால் வழித்துவிட்டேன். சாயங்காலம் ஒரு லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் ஒரு டீஸ்பூன், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. வாரம் ஒருமுறை, மூன்று வாரம். பொறிவண்டு வரத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டேன், மீதியை அது பார்த்துக்கொண்டது.

முதல் பறிப்பில் பதினோரு காய். பொரியலுக்குக் காணாது என்று துவரம்பருப்போடு வேகவைத்து, சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுத் தாளித்தேன். கடைக் காயில் இல்லாத ஒரு பிசுபிசுப்பும் வாசமும் பறிக்கும்போதே விரலில் ஒட்டிக்கொள்கிறதே, அது கையைக் கழுவின பிறகும் போகவில்லை. சின்ன வயதில் உங்கள் கையில் எப்போதும் இருந்த வாசம் இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் ஒன்றே கால் கிலோ இருந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு முறம் நிறையக் கொடுத்தேன். பொங்கல் குழம்புக்குப் போக மிச்சத்தைப் பொரியல் செய்தேன், உங்கள் பக்குவத்தில். இரண்டு ஓரத்து நாரையும் உரித்து, குறுக்கே பொடியாக நறுக்கி, கடுகு உளுந்து தாளித்துச் சின்ன வெங்காயம் வதங்கியதும் காயைப் போட்டு, தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து. மூடி போட்டால் நிறம் மங்கிவிடும் என்பீர்களே, மூடவே இல்லை. இறக்குவதற்கு முன் வறுத்த நிலக்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவினேன். தேங்காய் போடவில்லை. வீட்டில் ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள ஆரம்பித்து, கடைசியில் வெறும் பொரியலாகவே தின்று தீர்த்தார்கள்.

விதைக்கு என்று அடிக்கொடியில் இருபது காயை நூல் கட்டி விட்டிருந்தேன். மாசிக் கடைசியில் அவை பழுத்துக் காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. உடைத்ததும் அரக்கு நிற விதை, விளிம்பில் சுண்ணாம்பு தீட்டிய மாதிரி வெள்ளைக் கோடு. மூன்று நாள் வெயிலில் போட்டேன். வண்டு விழாமல் இருக்கச் சாம்பல் வேண்டுமே, எங்கள் தெருவில் விறகடுப்பு ஏது? முனையில் இஸ்திரி போடுகிற அண்ணனிடம் கரிச்சாம்பல் வாங்கிச் சலித்துப் புரட்டி வைத்திருக்கிறேன். அதனால்தான் பாட்டில் சாம்பல் பூத்திருக்கிறது, துடைத்துவிடாதீர்கள்.

சுருங்கினது, ஓட்டை விழுந்தது எல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டேன். பாட்டிலில் அறுபது இருக்கிறது. இந்த முறை ஒரே பந்தலில் ஏற்றாமல், மேட்டுப்பக்கம் கிணற்றடியில் பாதியை ஊன்றுங்கள் சித்தி, தண்ணீர் நிற்காது. என்னிடம் பன்னிரண்டு வைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்