எர்த் பின்னைக் கழற்றாதீர்கள்: விழாக் குழுவினருக்கும் மைக்செட்காரர்களுக்கும் ஒரு மடல்

மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்து விழாக் குழுவினருக்கும் மைக்செட் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

சின்தசைஸர் எனும் மின்னணு இசைக்கருவியை (சுருக்கமாகச் சின்த்) வைத்து மயக்கும் பாட்டுகள் வாசிக்கும் சைக்கடெலிக் சின்த்பாப் குழுவுக்கு, இசைக் கம்பெனி பின்புலம் இல்லையென்றால் மேடைதான் பிழைப்பு. ஒரு மேடை சொதப்பினால் அடுத்த ஊர் கூப்பிடாது. எனவே சம்பளத்தைக் கூட்டச் சொல்லவில்லை. கரண்டையும் நேரத்தையும் ஒழுங்காகக் கொடுங்கள்.

சின்த்தும் மிக்ஸரும் ஒரே மின் ஃபேஸில், ஒரே எர்த்தில் இருக்க வேண்டும். சீரியல் லைட்டும் லைட்டை மங்கவைக்கும் டிம்மரும் வேறு ஃபேஸுக்குப் போகட்டும். எர்த் இரண்டு வழியாக வந்தால் 50 ஹெர்ட்ஸ் 'உர்ர்ர்' கேட்கும். உடனே பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றுவது நம் ஊர் வழக்கம். ஈர மணலில் வெறுங்காலோடு நிற்பவர் உயிரோடு விளையாட்டு அது. சின்த்துக்கும் மிக்ஸருக்கும் நடுவே டிஐ பாக்ஸ் (சின்த் சிக்னலை மைக் கேபிளில் போகும்படி மாற்றும் சின்னப் பெட்டி) போட்டு, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சின்த்தின் சாதா ஒயரை ஆறு மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். மிச்ச தூரத்துக்கு டிஐயிலிருந்து மைக் கேபிள். ஜெனரேட்டர் மாற்றும் ஒரு நொடியில் டிஜிட்டல் சின்த் அணைந்து, மறுபடி எழுந்து வர நேரம் பிடிக்கும். இரண்டு மூன்று சின்த்துக்கும் சின்ன மிக்ஸருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்கும்.

அடுத்தது உப்பு. காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஜாக்கில் படிந்த உப்பு தண்ணீரை இழுத்துக் கசியும். பகலில் நன்றாயிருந்தது இரவில் கரகரப்பது அதனால்தான். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள், எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். ஏசி ரூமிலிருந்து வந்த பெட்டியை அரை மணி நேரம் மூடியே வையுங்கள். உடனே திறந்தால் உள்ளே வியர்க்கும்.

அனலாக் சின்த் சூடேறிச் சுதி நிற்க 20, 30 நிமிடம் ஆகும். கச்சான் எனும் மேல்காற்று நேராக அடித்தால் மறுபடி விலகும். பக்கவாட்டில் ஒரு படுதா கட்டுங்கள். ஆனால் சின்த்துக்குள் ஒலி எழுப்பும் இரண்டு ஆஸிலேட்டரை மயிரிழை விலக்கி வைத்து அலையடிக்க விடுவதுதான் இந்த இசையின் மயக்கமே. அதைச் சுதி பிசகு என்று நினைத்து மிக்ஸரில் ஒலியளவு ஃபேடரை இறக்கிவிடாதீர்கள்.

எக்கோவையும் தொடாதீர்கள், அண்ணே! குழு தன் டிலேயை (எதிரொலியை)ப் போட்டுத்தான் அனுப்புகிறது. இன்னொன்று சேர்ந்தால் கூழ். குழாய் ஸ்பீக்கர் மட்டும் இருந்தால் சின்த்தின் பேஸ் (அடித்தொனி) காணாமலே போகும், 18 இஞ்ச் பேஸ் பெட்டி குறைந்தது இரண்டு வேண்டும்.

இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கிறது 2000ஆம் ஆண்டு விதி. பட்டிமன்றம், பரிசளிப்பு எல்லாம் முடித்து 9:40க்குக் குழுவை மேடை ஏற்றுவதற்குப் பதில் 8 மணிக்கே ஏற்றுங்கள். சவுண்ட் செக் மாலை 4 மணிக்கு, ஒரு மணி நேரம்.

இப்படிக்கு,
கடலோர மேடைகளுக்குச் சின்த் சுமப்பவர்கள்